டென்டுக்கு வாடகை, நிலாவுக்கு இல்லை: மாமா பதில்கள்

(இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டென்ட், ஏரிக்கரை, கேம்ப் என்றே இருந்தன. பொங்கல் லீவு நெருங்குகிறது, புரிகிறது. மொத்தமாகப் பதில் சொல்லிவிடுகிறேன்.)

கள்ளிக்குப்பம் இல்லத்தரசி: கிளாம்பிங், கிளாம்பிங் என்கிறார்களே மாமா, சாதாரண டென்டுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

சாதாரண டென்டில் முதுகுக்குக் கீழே கல் இருக்கும். கிளாம்பிங்கில் கட்டில், மெத்தை, ஃபேன், ஒட்டினாற்போல் பாத்ரூம் எல்லாம் இருக்கும். கல் பில்லில் இருக்கும்.

அயப்பாக்கம் கல்லூரி மாணவர்: சொகுசுக் கூடாரமெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்ததுதானே?

பத்துப்பாட்டில் முல்லைப்பாட்டைப் புரட்டு தம்பி. 103 அடிதான், பஸ்ஸில் போகும்போதே படித்துவிடலாம். காட்டை வெட்டி முள்வேலி போட்டுப் பாசறை அமைக்கிறார்கள். நடுவில் அரசனுக்குத் தனிக் கூடாரம். உள்ளே மணி விளக்கு, காவலுக்கு யவனர், அணைந்த விளக்கை ஏற்றி வைக்கக் கச்சையில் வாள் கட்டிய பெண்கள், நேரம் சொல்ல நாழிகை வட்டில். நப்பூதனார் வர்ணித்த இந்த வசதிகளுக்கு இன்றைக்கு எவ்வளவு கேட்பார்கள் என்று யோசித்துப் பார். இவ்வளவு இருந்தும் அரசனுக்குத் தூக்கம் வரவில்லை. போரில் அடிபட்ட யானைகளையும் மாண்ட வீரர்களையும் நினைத்துப் புரண்டுகொண்டிருந்தான். மெத்தைக்கும் தூக்கத்துக்கும் ஒப்பந்தம் கிடையாது என்பது சங்க காலத்திலேயே பதிவான செய்தி.

திருநின்றவூர் ஆசிரியை: நம்ம திருவள்ளூர்ப் பக்கம் முதன்முதலில் ஆற்றோரம் முகாம் போட்டது யாராம்?

பேர் தெரியாது, காலம் தெரியும். பூண்டிக்குப் பக்கத்தில் அதிரம்பாக்கம். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே கற்கருவிகளைக் கண்டெடுத்தார். பிறகு சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் ஆண்டுக்கணக்காகத் தோண்டி, மிகப் பழைய கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் வயது என்று நிறுவினார்கள். கொசஸ்தலையாற்றுப் படுகை, தண்ணீர் பக்கத்தில், நல்ல கல் கையெட்டும் தூரத்தில். இடம் பார்த்து இறங்கியிருக்கிறார்கள்! அவர்கள் விட்டுப்போனது கைக்கோடரி, அது மியூசியத்துக்குப் போனது. நாம் விட்டுவருவது சிப்ஸ் பாக்கெட். அதை எந்த மியூசியமும் வாங்காது. பிள்ளைகளைப் பூண்டியில் உள்ள தொல்பழங்கால அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் கூட்டிப்போங்கள் டீச்சர்.

அம்பத்தூர் புதூர் இளைஞர்: புழல் ஏரிக்கரையில் நாங்களே ஒரு டென்ட் போட்டுக்கொண்டால் யார் கேட்கப்போகிறார்கள்?

நான் கேட்கிறேன். 3,300 மில்லியன் கன அடி பிடிக்கிற ஏரி அது. சென்னையின் குடிதண்ணீர். ராத்திரி அதன் கரையில் நீ கழுவுவது நாளைக்கு உன் பாட்டியின் சொம்புக்குள் வரும். பார்க்கப் போ, படுக்கப் போகாதே.

மேனாம்பேடு வாசகி: அப்படியானால் நம்ம பக்கம் முகாம் போடவே இடமில்லையா மாமா?

ஏன் இல்லை? பூந்தமல்லி–ஆவடி சாலையில் பருத்திப்பட்டில் டோனகேலா முகாம் இருக்கிறது. சர்ச் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகப் போய்த் தங்கிவரும் பழைய வளாகம். குழுவாகப் போகிறவர்கள் விசாரித்துப் பாருங்கள். அதே பருத்திப்பட்டில் ஏரியைத் தூர்வாரி, நடைபாதை போட்டு 2019-ல் பூங்காவாகத் திறந்தார்கள். சாக்கடையாகக் கிடந்த ஏரியை மீட்க முடியும் என்பதற்கு அது கண்ணெதிரே இருக்கும் சாட்சி. அம்பத்தூர், கொரட்டூர் ஏரிகளுக்கும் அந்த யோகம் முழுசாக வரட்டும். அதுவரை நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

பூந்தமல்லி வாசகர்: எந்த இடம் பார்த்து டென்ட் அடிப்பது?

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்களே, அப்போது பூந்தமல்லியில் இருந்தவருக்கு நான் சொல்லித் தரவேண்டுமா அண்ணே? தண்ணீருக்கு ஞாபகம் உண்டு, தன் வழியை மறக்காது. ஆற்று மணல் பஞ்சு மாதிரி இருக்கும், ஆசை காட்டும். படுக்காதீர்கள். உங்கள் தலைக்கு மேல் மேகமே இல்லாவிட்டாலும் மேற்கே மலையில் பெய்த மழை நள்ளிரவில் வந்து சேரும். மதகுக்குக் கீழேயும் வேண்டாம். கரையிலிருந்து தள்ளி, ஓர் ஆள் உயரமாவது மேட்டில் போடுங்கள். பிறகு அண்ணாந்து பாருங்கள். காய்ந்த கிளை தொங்கினால் நகருங்கள். தென்னை மரத்தடி என்றால் ஓடுங்கள்.

முகப்பேர் ஐ.டி. ஊழியர்: விடிகாலை டென்டுக்குள் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. மழையே இல்லை. கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டானா?

ஒழுகியது வானம் இல்லை தம்பி, உன் மூச்சு. நாலு பேர் ராத்திரி முழுக்க விட்ட ஈரக்காற்று குளிர்ந்த துணியில் பட்டுத் தண்ணீராகிவிட்டது. ஜிப்பை முழுசாக இழுத்து மூடாமல், வலை ஜன்னலை இரண்டு பக்கமும் திறந்து வை. கம்பெனிக்காரன் அதற்காகத்தான் அதைத் தைத்திருக்கிறான்.

பாடி வாசகர்: குளிருக்கு இதமாக பார்பிக்யூ அடுப்பை டென்டுக்குள் இழுத்து வைத்துக்கொண்டால்?

மறுநாள் எழுந்திருக்கும் உத்தேசம் இருந்தால் வேண்டாம். கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது, இருமல்கூட வராது. தூக்கம் வருகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். அடுப்பு வெளியே, கம்பளி உள்ளே. இதில் விளையாட்டு இல்லை.

ஒரகடம் பள்ளி மாணவி, ஆறாம் வகுப்பு: மாமா, டென்டில் வைஃபை இருக்குமா?

இருக்காது கண்ணு. அதனால் அப்பா உன்னோடு பேசுவார்.

கொரட்டூர் வாசகி: பெண்கள் நாலு பேர் கிளம்புகிறோம். புக் பண்ணுமுன் முதலில் என்ன கேட்பது?

ஏரி எந்தப் பக்கம் என்று கேட்காதே, கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேள். டென்டிலிருந்து எத்தனை அடி, ராத்திரி முழுக்க விளக்கு எரியுமா, உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டா, தண்ணீர் குழாயில் வருமா வாளியிலா, இரவில் பொறுப்பாக இருப்பது யார், அவர் ஃபோன் நம்பர் என்ன, எல்லாம் கேள். ஏரியை அவர்களே ஃபோட்டோ பிடித்து அனுப்புவார்கள். கழிப்பறையையும் ஒரு ஃபோட்டோ கேள் தாயி. தயங்கினால் அடுத்த நம்பருக்குப் போட்டுவிடு.

விஜயலட்சுமிபுரம் வாசகர்: பாம்பு?

டென்டின் ஜிப் மூடியிருந்தால் வெளியே, திறந்திருந்தால் அதன் இஷ்டம். கட்டுவிரியனுக்கு மட்டும் அதிகம் பயப்படுங்கள். ராத்திரிதான் வரும், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், வலி அதிகம் தெரியாததால் கடித்ததே தெரியாமல் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அதனால் தரையோடு சேர்த்துத் தைத்த டென்டே நல்லது. காலையில் ஷூவைத் தட்டிவிட்டுக் காலை நுழையுங்கள். கடித்தால் கத்தியால் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், மந்திரிக்கப் போகாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு நேரே அரசு மருத்துவமனை. அங்கே ஏற்றுகிற மருந்துக்கான விஷத்தில் நம் வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்தின் பங்கு பெரியது. 1978-ல் தொடங்கிய சங்கம். பாம்பைக் கொல்லாமல் விஷமெடுத்து, காட்டிலேயே திருப்பி விடுகிறார்கள். நாடெங்கும் எத்தனையோ பேர் உயிரோடு நடமாடுவது அந்தக் கைகளின் புண்ணியம்.

பட்டரவாக்கம் வாசகர்: புல்தரையில் படுத்துவிட்டு வந்து பத்து நாளில் மகனுக்குக் காய்ச்சல். சம்பந்தம் இருக்குமா?

இருக்கலாம். புல்லிலும் புதரிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்குஞ்சு கடித்தால் ஸ்கரப் டைஃபஸ் வரும். தமிழ்நாட்டில் அரிதான நோய் இல்லை. அக்குள், இடுப்பு, தொடையிடுக்கில் சிகரெட் சுட்ட மாதிரி கறுத்த பொருக்கு இருக்கிறதா பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் டாக்டரிடம், "கேம்ப் போய் வந்தோம்" என்ற ஒரு வாக்கியத்தை மறக்காமல் சொல்லுங்கள். நேரத்தில் பிடித்தால் சாதாரண மாத்திரையில் போய்விடும். இந்தக் கடிதத்துக்குப் பதில் வரும்வரை காத்திருக்காமல் போயிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அத்திப்பட்டு வாசகர்: மசினகுடி, வயநாடு பக்கம் காட்டை ஒட்டி டென்ட் ஸ்டே சல்லிசாகக் கிடைக்கிறதே, போகலாமா?

2021 ஜனவரி என்ற ஒரே மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வயநாடு மேப்பாடியில் ரிசார்ட் டென்டில் தங்கியிருந்த இளம்பெண்ணை யானை மிதித்துக் கொன்றது. மசினகுடியில் ரிசார்ட் பக்கம் வந்த யானை மேல் தீப்பற்றிய பொருளை வீசினார்கள், அது புண்ணோடு அலைந்து செத்தது. இரண்டு சாவுக்கும் காரணம் ஒன்றுதான்: படுக்கக் கூடாத இடத்தில் படுக்கை போட்டது. மசினகுடிப் பக்கத்துச் சீகூர் யானை வழித்தடம் செல்லுபடியாகும் என்று அதற்கு மூன்று மாதம் முன்புதான் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. யானைக்கு கூகுள் மேப் கிடையாது. அதன் பாட்டி போன வழியில்தான் அது போகும். உரிமம் இருக்கிறதா, சுற்றுலாத் துறையில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்றால் முன்பணத்தைப் பாக்கெட்டிலேயே வையுங்கள்.

ஆவடி வாசகர்: யாரையும் கேட்காமல் காட்டுக்குள் நடந்து போய், பிடித்த இடத்தில் படுத்தால்தானே சாகசம்?

2018 மார்ச் 11, குரங்கணி. காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். சென்னைப் பிள்ளைகளும் அதில் உண்டு. அந்த வீடுகளில் போய் சாகசம் என்ற வார்த்தையைச் சொல்ல முடியுமா? 2024 அக்டோபரிலிருந்து வனத்துறையே 40 வழிகளைத் திறந்து, இணையத்தில் பதிவு செய்து, வழிகாட்டியோடு அனுப்புகிறது. நம்ம பூண்டிப் பக்கத்துக் குடியம் குகையும் அதில் ஒன்று. விடியற்காலை ஆவடியில் டீ குடித்துவிட்டுக் கிளம்பலாம்.

திருமுல்லைவாயல் வாசகி: கொடைக்கானல் ஏரி இயற்கையாக நட்சத்திர வடிவில் அமைந்ததாமே?

மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-ல் உண்டாக்கியது. ஊட்டி ஏரி அதற்கும் முன்னால், 1824-ல் சல்லிவன் உண்டாக்கியது. கலெக்டர்கள் ஏரி வெட்டிய காலம் அது. இப்போது இருக்கிற ஏரியைக் காப்பாற்றவே கோர்ட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. இரண்டு ஊருக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் நடைமுறை உண்டு, கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

மண்ணூர்பேட்டை வாசகர்: குழந்தை குட்டியோடு போக, அதிகம் அலையாமல் ஒரு மலை, ஒரு ஏரி சொல்லுங்களேன்.

ஏலகிரி. 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். புலவர்களும் வள்ளல்களும் வழிநெடுக நிற்பார்கள். மேலே புங்கனூர் ஏரி. சுமார் 1,100 மீட்டர்தான், குளிர் கடிக்காது, தடவும். ரயிலில் போனால் ஜோலார்பேட்டையில் இறங்கலாம். மூன்றாவது வளைவுக்குள் பின்சீட்டில் யாராவது வாந்தி எடுப்பார்கள், எலுமிச்சம்பழம் கையில் இருக்கட்டும்.

வெங்கடாபுரம் தாத்தா: மகன் விஸ்கான்சினில் இருக்கிறான். மிச்சிகன் ஏரிக்கரைக்குக் குடும்பத்தோடு கேம்ப் போனோம். வீட்டிலிருந்து விறகு கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். விறகு விற்கிற தந்திரமா?

இல்லை ஐயா, பூச்சி. மரகதப் பச்சையில் மினுமினுக்கும் ஒரு வண்டு, ஆசியாவிலிருந்து போனது. 2002-ல் டெட்ராய்ட் பக்கம் கண்டுபிடித்தார்கள். அதற்குள் ஆஷ் மரப் பட்டைக்குள் குடியேறிவிட்டது. கோடிக்கணக்கான மரங்கள் காலி. அது தானாகப் பறக்கும் தூரம் கொஞ்சம். கேம்ப் போகிறவர்கள் டிக்கியில் போட்டுப்போன விறகுதான் மாநிலம் மாநிலமாகக் கொண்டுபோனது. அதனால்தான் எரிக்கிற ஊரிலேயே விறகு வாங்கு என்கிறார்கள். நீங்கள் பார்த்த அந்த ஏரி 58,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. அவ்வளவு பெரிய ஏரிக்கரையையே ஒரு கட்டு விறகு ஆட்டிவைக்கிறது பாருங்கள்.

அதே தாத்தா: ராத்திரி பத்து மணிக்கு மேல் சத்தமே போடக் கூடாதாமே?

அந்தச் சட்டத்தை மட்டும் பெட்டியில் வைத்து எடுத்துவந்துவிடுங்கள். நம்ம ஏரிக்கரைகளில் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு ஆளுக்கொன்று கொடுக்கலாம். தவளை கத்துவதைக் கேட்கத்தானே அவ்வளவு தூரம் போகிறோம்.

டன்லப் பஸ் நிறுத்த வாசகர்: எங்க காலத்தில் டென்ட் என்றால் சினிமாக் கொட்டகைதான்!

அதற்குப் பிள்ளையார் சுழி போட்டவர் சாமிக்கண்ணு வின்சென்ட். ரயில்வே உத்தியோகத்தை விட்டுவிட்டு, 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டர் வாங்கி, கூடாரத்தோடு ஊர் ஊராகப் போனார். மணலைக் குவித்து உட்கார்ந்து, முன்னால் இருப்பவர் தலை மறைத்தால் இன்னும் கொஞ்சம் குவித்தவர் அல்லவா நீங்கள்? உங்களுக்குக் கேம்ப் பயிற்சி தேவையே இல்லை.

கிருஷ்ணாபுரம் மருமகள்: புது டென்ட் வாங்கியாச்சு. பிரித்து மாட்டத் தெரியவில்லை. போகிற இடத்தில் பார்த்துக்கொள்ளலாமா?

மொட்டை மாடியில் பார்த்துக்கொள்ளம்மா. சிமென்ட் தரையில் முளை இறங்காது, அதனால் நாலு மூலைக்கும் தண்ணீர் கேன் வைத்துக் கட்டு. ஒரு ராத்திரி எல்லோரும் அதில் படுங்கள். யார் குறட்டை, யாருக்குத் தலையணை போதாது, டார்ச்சில் பேட்டரி உண்டா, எல்லாம் தெரிந்துவிடும். மாமியாருக்குக் குனிந்து நுழைய முடியவில்லை என்றால் அவருக்குக் கட்டில் போட்ட டென்ட் எடு. மூட்டுவலிக்குச் சாகசம் புரியாது.

பானு நகர் வாசகர்: சாப்பாட்டுக்கு?

புளியோதரை. முதல் நாள் கிளறினால் மறுநாள் ருசி ஏறும் ஒரே பயணத் துணை.

அம்பத்தூர் ஓ.டி. ஓய்வுபெற்ற தொழிலாளி: சைக்கிள் கம்பெனியில் முப்பது வருஷம். பிள்ளைகளை எங்கேயும் கூட்டிப்போனதில்லை. எழுபது வயசில் பேரன் டென்டுக்குக் கூப்பிடுகிறான். போகலாமா?

கேள்வியே தப்பு அண்ணே. எப்போது என்றுதான் கேட்க வேண்டும். ஜனவரி கடைசி, பிப்ரவரி நல்லது. மழை ஓய்ந்திருக்கும், வெயில் தொடங்கியிருக்காது. பழவேற்காட்டுப் பக்கம் என்றால் பூநாரைகளும் இருக்கும். நாட்டிலேயே சில்காவுக்கு அடுத்த பெரிய உப்பங்கழி ஏரி, நம்ம வீட்டிலிருந்து ஒன்றரை, இரண்டு மணி நேரம். பகலில் படகுக்காரரிடம் பறவைக்குப் பக்கத்தில் போகச் சொல்லாதீர்கள், தூரத்திலிருந்தே அழகு. ராத்திரிக்கு உரிமம் உள்ள இடமாகப் பார்த்து, கட்டில் உள்ள டென்ட் எடுங்கள். பிரஷர் மாத்திரையைத் தலைமாட்டில் வையுங்கள். பேரனிடம் சம்மதம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அவன் பரீட்சை முடிகிறவரைக்கும் தள்ளிப்போடாதீர்கள்.