16 மில்லிவினாடி அதிகாரிக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்:
மாண்புமிகு லேட்டன்சி டைமர் அவர்கள்,
யூஎஸ்பி சீரியல் டிரைவர் பிரிவு,
டிவைஸ் மேனேஜர் அலுவலகம்.

பொருள்: புரோகிராம் ஏறாமல் இழுத்தடிப்பது தொடர்பாக.

ஐயா,

தாசேக் கெலுகோரிலிருந்து எழுதுகிறேன். பட்டர்வொர்த்திலிருந்து வடக்கே போகும் கொம்யூட்டர் ரயில் நின்று போகும் ஊர். கடலுக்கு அந்தப் பக்கம், பாயான் லெப்பாசில், 1972இல் இன்டெல் கடை விரித்தது. பிறகு எங்கள் பினாங்கு மாநிலத்துக்குக் 'கிழக்கின் சிலிக்கான் பள்ளத்தாக்கு' என்று பெயரும் வாங்கியாயிற்று. அந்தப் பெருமையோடுதான் இந்தக் கரையில் உட்கார்ந்து, வயலில் தண்ணீர் மட்டம் பார்க்கும் கருவிக்கு ஒரு போர்டில் புரோகிராம் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். திரையில் கட்டம் கட்டமாகக் கோடு வளர்கிறது. யூஎஸ்பி சீரியல் அடாப்டரில் சிவப்பு விளக்கு ஒரு சிமிட்டு, பச்சை விளக்கு ஒரு சிமிட்டு. நடுவில் ஒரு இடைவெளி. அந்த இடைவெளி தங்களுடையது.

பழியை முதலில் கேபிள்மேல் போட்டார்கள். அடுத்து போட் ரேட். 'வேகத்தைக் கூட்டு' என்பது பட்டறையிலும் மந்திரிசபையிலும் ஒரே மருந்து. கணக்கைப் பார்த்தால் தாங்கள் அகப்படுகிறீர்கள். 115200 போட் என்றால் நொடிக்கு 11,520 பைட். போர்டிலுள்ள அட்மெகா328 சிப்பில் புரோகிராமுக்கு மொத்த இடமே 32 கிலோபைட். மூன்று நொடிக்குள் கம்பியில் ஓடி முடிய வேண்டிய சரக்கு. ஆனால் அது 128 பைட் பக்கங்களாகப் போகிறது. புரோகிராமை வாங்கி எழுதும் பூட்லோடரின் இடத்தைக் கழித்தாலும் 250 பக்கத்துக்கு மேல் வரும். பக்கத்துக்கு இரண்டு கட்டளை: முகவரி ஒன்று, எழுதச் சொல்வது ஒன்று. ஒவ்வொன்றுக்கும் சிப் 'சரி' என்று சொன்ன பிறகுதான் அடுத்தது போகும். அந்தச் 'சரி' இரண்டே பைட், ஹெக்ஸில் 14, 10.

அந்த இரண்டு பைட் தங்கள் மேசைக்கு வந்ததும் உட்கார்ந்துவிடுகிறது. 62 பைட் சேர வேண்டும், இல்லையேல் 16 மில்லிவினாடி கழிய வேண்டும் என்பது தங்கள் விதி. நான்கு பேர் சேராமல் கிளம்பாத பழைய பட்டர்வொர்த் டாக்சிக்காரர்கூட அவசரம் என்றால் மீதிக் காசை வாங்கிக்கொண்டு வண்டியை எடுப்பார். தாங்கள் அசைவதில்லை. 500 'சரி'க்கு ஆளுக்கு 16 மில்லிவினாடி என்றால் 8 நொடி. எழுதியதைச் சரிபார்க்க இன்னொரு 8. கமா ஒன்றைத் திருத்தினாலும் இத்தனையும் முதலிலிருந்து. போட் ரேட்டை எட்டு மடங்கு ஏற்றினாலும் தங்கள் 16 அப்படியேதான் இருக்கும்.

விதிக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பெரிய தரவு வெள்ளமாக வரும்போது 62 பைட்டும் நொடிப்பொழுதில் நிரம்பிவிடும், யாரும் காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு பைட்டையும் தனித்தனியே அனுப்பினால் கணினிக்கும் வீண் வேலை. ஆக மொத்தம், மொத்த வியாபாரிக்குப் போட்ட சட்டம். இரண்டு பைட் கொண்டு வருகிற சில்லறை ஆளுக்குத்தான் தண்டனை.

இதில் வேடிக்கை, தாங்கள் அனுப்பும் ஒவ்வொரு பொட்டலத்தின் தலையிலும் 2 பைட் தங்கள் சொந்த நிலவர அறிக்கை இருக்கிறது. 64இல் 62 மட்டும் எங்களுக்கு மிஞ்சுவது அதனால்தான். சொல்ல ஒன்றுமே இல்லாதபோதும் அந்த அறிக்கை 16 மில்லிவினாடிக்கு ஒரு முறை தவறாமல் போகிறது. இன்னொன்றும் கேள்விப்பட்டேன்: சிடிஎஸ், டிஎஸ்ஆர் போன்ற சைகைக் கம்பிகளில் ஒன்று அசைந்தால் தாங்கள் டைமரைப் பார்க்காமல் உடனே அனுப்பிவிடுவீர்களாம். நம் நாட்டில் 'கேபிள்', அதாவது செல்வாக்கு, உள்ளவர் கோப்பு நகரும் என்பார்கள். என்னிடமும் ஒரு கேபிள் இருக்கிறது, மூன்று அடி.

தங்கள் இனத்தின் கண்டிப்பு உலகறிந்தது. 2014 அக்டோபரில் ஸ்காட்லாந்தின் எஃப்டிடிஐ நிறுவன டிரைவர் ஒன்று விண்டோஸ் அப்டேட்டில் ஏறி வந்து, போலிச் சிப்புகளின் அடையாள எண்ணையே பூஜ்யமாக்கியது. கூச்சல் எழுந்த பிறகு அதைத் திரும்பப் பெற்றார்கள். அந்த வேகத்தில் நூறில் ஒரு பங்கை இந்தச் 'சரி'க்குக் காட்டலாம்.

16ஐ 1 ஆக்க வழி உண்டு என்பது தெரியும். போர்ட்ஸ், பிராப்பர்டீஸ், போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு என்று கவுண்டர் கவுண்டராக ஏறி இறங்கி மாற்றினேன். கோடு சரசரவென்று ஓடியது. மறுநாள் அடாப்டரை வேறு ஓட்டையில் செருகினேன். சீரியல் எண் இல்லாத மலிவுச் சரக்கு என்பதால் புது காம் எண் கிடைத்தது, பழையபடி 16. லினக்ஸ் கிளையிலும் தொடக்கம் 16தான் என்பதால் கட்சி மாறியும் பயனில்லை.

எனவே பிறவியிலேயே 1 என்று வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். பதிலைத் தமிழிலேயே எழுதலாம். யூடிஎஃப்-8இல் 'சரி' ஒன்றுக்கு 9 பைட். ஏழு முறை 'சரி' என்றால் 63. அதில் 62 பைட் டைமர் முடியும்வரை காத்திருக்காமல் வந்து சேர்ந்துவிடும், கடைசி ஒரு பைட் மட்டும் காத்திருக்கும்.

இங்ஙனம்,
காம் 5இல் காத்திருப்பவன்,
தாசேக் கெலுகோர்.