ராத்திரி ஒரு மணிக்கு இறங்குதவனுக்கு

எய்யா, கோவில்பட்டிக்கு வாரேன்னு சொன்ன. கரிசல் எழுத்தாளர்களோட ஊரான இடைசெவலைப் பாக்கணும், எட்டயபுரத்துல பாரதி பிறந்த வீட்டைப் பாக்கணும். நல்ல காரியந்தான். மதுரைக்கு வந்து பஸ் ஏறி, ஊர் சேர ராத்திரி பன்னெண்டு, ஒண்ணு ஆயிருமாம். ரூம் போட்டாச்சாம், போன்ல பச்சை டிக் விழுந்துருச்சாம். ரொம்பச் சந்தோசம். அந்தப் பச்சை டிக்கை லாட்ஜ் மேனேஜரும் பாத்தாரான்னு மட்டும் யோசிச்சிராத. தூக்கம் போயிரும்.

பஸ்ஸுல ஏறும்போது கண்டக்டர்கிட்ட “கோவில்பட்டி போகுமா”ன்னு கேப்ப. “போகும், ஏறு”ம்பாரு. அவரு பொய் சொல்லலை. நாலு வழிச் சாலை எங்க ஊரு ஓரமாத்தான போகுது? கேக்க வேண்டிய கேள்வி “ஊருக்குள்ள போகுமா”ங்கிறது. பைபாஸ் ரைடர்னு போர்டு போட்டிருந்தா அந்தக் கேள்வியும் வேண்டாம். அதுல ஏறி உக்காந்து “கோவில்பட்டி வந்ததும் எழுப்பி விடுங்க”ன்னு சொல்லிப் படுத்தேன்னு வையி, திருநேலில எழுப்பி விடுவாங்க.

ஊருக்குள்ள போகாத வண்டி உன்னை பைபாஸ்ல உதுத்துட்டுப் போயிரும். செவப்பு லைட்டு போற திசையை ஒரு நிமிசம் பாத்துக்கிட்டு நிப்ப. எல்லாரும் நிக்கத்தான் செய்தாங்க. அப்புறம் போனை எடுப்ப. அது நடக்கிற தூரத்தைச் சொல்லும், நேரத்தைச் சொல்லும், எங்க திரும்பணும்னும் சொல்லும். தெருநாய்களை மட்டும் அது கணக்குல சேக்காது. பகல்ல கடை வாசல்ல பொறைக்கு வாலாட்டிக்கிட்டுக் கெடக்கிற நாய்தான் ராத்திரி ஒரு மணிக்கு அந்தத் தெருவுக்கே அதிகாரி. பைக்கட்டைத் தூக்கிக்கிட்டு ஒருத்தன் வந்தா அது விசாரிக்காம விடாது. ஓடாத, குனிஞ்சு கல்லையும் எடுக்காத. ஆட்டோ கெடைச்சா ஏறிக்கோ, ஆனா உக்காருததுக்கு முந்தி கூலியப் பேசிரு. “அந்த லாட்ஜை மூடிட்டாங்க சார், நம்ம லாட்ஜ் ஒண்ணு இருக்கு”ன்னு அவரு ஆரம்பிச்சா, “மூடுன லாட்ஜையே ஒரு தடவை பாத்துட்டு வந்துருவோமே”ன்னு சொல்லு. பாதி நாள் அது தெறந்துதான் இருக்கும்.

வழி கேட்டா எங்க ஆளுக தங்கமாச் சொல்லுவாக. “பழைய தியேட்டரு இருந்துச்சுல்லா, அதுக்கு எதுத்தாப்புல.” தியேட்டரை இடிச்சு வருசக்கணக்காச்சு, அந்த எடத்துல இப்ப கல்யாண மண்டபம் நிக்குது. இருந்தாலும் எங்களுக்கு அது தியேட்டருதான். அதனால இப்ப என்ன இருக்குன்னு கேளு.

லாட்ஜ் வாசல் எப்படி இருக்கும்னு நெனைக்க? கீழ செல்போன் கடை, ஜெராக்ஸ் கடை, பேக்கரி. மூணுக்கும் ஷட்டர் எறங்கியிருக்கும். ரெண்டு கடைக்கு நடுவுல ஒரு ஆளு போற அகலத்துல மாடிப்படி. படிக்கட்டுக்கும் கம்பிக் கதவு போட்டு உள்பக்கம் சங்கிலி கெடக்கும். மேல பெஞ்சுல ஒருத்தர் போர்வையைத் தலை வரைக்கும் இழுத்து மூடிப் படுத்திருப்பாரு. அவருதான் மேனேஜரு, அவருதான் ரூம்பாய், சாவியும் அவரு தலகாணிக்கு அடியிலதான். நீ போன்ல ரூம் பதிஞ்சது எந்தக் கம்பெனியிலயோ இருக்கட்டும், உனக்குக் கதவு தெறக்கப் போறவரு அவரு ஒருத்தர்தான். கம்பியப் போட்டு உலுக்காத. தெரு பூரா முழிச்சிக்கிடும், அவரு மட்டும் முழிக்க மாட்டாரு. போர்டுல நம்பர் எழுதியிருக்கும். 04632-ன்னு ஆரம்பிச்சா அது லேண்ட்லைன். அதுக்கு அடி, அவரு காதுக்குப் பக்கத்துல மணி அடிச்சாலும் அடிக்கும். லைனே செத்துப் போயிருந்தா உன் பாடு.

எந்திரிச்சு வந்தவரு உன் பைக்கட்டைப் பாக்க மாட்டாரு, உனக்குப் பின்னால பாப்பாரு. “எத்தனை பேரு?” “ஒரு ஆளுதான்.” அவ்வளவுதான், முகம் மாறிப்போகும். “சிங்கிளுக்கு ரூம் இல்ல சார்.” கோவப்படாத ராசா. நேத்து வரைக்கும் தெரியாத ஒருத்தன் தனியா வந்து, கதவைச் சாத்திக்கிட்டு, காலைல தெறக்காமப் போயிட்டான்னா போலீசு, விசாரணைன்னு நடையா நடக்கப்போறது அந்த மனுசன். அந்தப் பயந்தான். அதனால நீ விடிஞ்சும் இருக்கப்போற ஆளுன்னு அவருக்குக் காட்டணும். சிரிச்ச முகமா நில்லு. “அண்ணாச்சி, காலைல ஆறு மணிக்கு எழுப்பி விடுவீங்களா? இங்க இட்லி எங்க நல்லாருக்கும்? கடலை மிட்டாய் எந்தக் கடையில வாங்கலாம்?”னு கேளு. அந்த மிட்டாய்க்கு 2020-ல புவிசார் குறியீடு கெடைச்சிருக்குன்னு தெரிஞ்ச மாதிரி ஒரு வார்த்தை போடு. நாளைக்கு இட்லி திங்க ஆசைப்படுதவனை எந்த மேனேஜரும் தெருவுல நிறுத்த மாட்டாரு. ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு சட்டைப்பையில இருக்கட்டும். கீழ இருக்கிற ஜெராக்ஸ் கடை காலைலதான் தெறப்பான்.

காசு குடுக்கதுக்கு முந்தி ரூமுக்குள்ள போயி குழாயத் தெறந்து பாரு. எங்க ஊருக்குத் தண்ணி தாமிரபரணில இருந்து வருது. அங்கேயிருந்து கோவில்பட்டிக்கு வந்ததுதான் பெருசு, மூணாவது மாடிக்கும் ஏறியிருக்கான்னு நீதான் பாத்துக்கணும். அடுத்து செக்-அவுட். மத்தியானம் பன்னெண்டு மணின்னா, ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தவனுக்குப் பத்து மணி நேரத்துக்கு முழு வாடகை. இருபத்திநாலு மணி நேரம்னு சொன்னா சந்தோசப்படாத. மறுநாள் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ரூம் உன்னுதுதான். ஆனா நீ சாயங்காலமே பஸ் ஏறிருவ. வரிக்காக வாதாடாத. ஆயிரம் ரூவா வரைக்கும் உள்ள ரூமுக்கு வரியே இல்லாத காலம் 2022 ஜூலையோட போச்சு. அப்புறம் 12 சதவீதம் இருந்துச்சு, 2025 செப்டம்பர் 22-ல இருந்து 5 ஆக்கியிருக்காங்க. 12-னு பில் போட்டா மட்டும் வாயத் தெற.

இதெல்லாத்துக்கும் முந்தி, வந்து இறங்குத நாளைத் தினசரிக் காலண்டர்ல பாத்தியா? முகூர்த்த நாளா இருந்தா முந்தின ராத்திரி எந்த லாட்ஜுலயும் எடம் இருக்காது. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எல்லா ரூமையும் எடுத்திருப்பாங்க. டிசம்பர் 11 பாரதி பிறந்தநாளு, எட்டயபுரத்துக்கு வாரவங்க அன்னைக்கு அதிகம். எடமே கெடைக்கலைன்னா ஒரு வழி இருக்கு, நான் சொன்னேன்னு வெளிய சொல்லிராத. வேட்டியக் கட்டிக்கிட்டு நேரா மண்டபத்துக்குப் போயி ஒரு பாயில படு. பொண்ணு வீட்டுக்காரங்க உன்னை மாப்பிள்ளை வீடுன்னு நெனைப்பாங்க, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பொண்ணு வீடுன்னு நெனைப்பாங்க. காலைல டிபனும் உண்டு. மொய் வைக்காம மட்டும் வந்துராத.

அதுக்குக் கூச்சமா இருந்தா, மதுரைலயோ திருநேலிலயோ ஜங்ஷன்லயே தங்கிரு. ரயில் டிக்கெட்டோட பிஎன்ஆர் நம்பர் இருந்தா ரயில்வே ஓய்வறைக்குப் போன்லயே பதியலாம். மெட்ராஸ்ல இருந்துதான் வாரேன்னா நெல்லை எக்ஸ்பிரஸ்ல படுத்து வா. விடியக்காலம் ஊருக்குள்ளேயே இறக்கி விடும், டீக்கடையும் தெறந்திருக்கும்.

இல்ல, ராத்திரிதான் வருவேன்னு அடம் பிடிச்சா, சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கே லாட்ஜுக்குப் போன் போடு. கம்பெனி நம்பருக்கு இல்ல, லாட்ஜு நம்பருக்கு. “அண்ணாச்சி, ஒரு ஆளு, ஒரு மணிக்கு வருவேன், கதவைத் தெறந்து விடணும்”னு சொல்லி அவரு செல் நம்பரையும் வாங்கி வச்சிக்கோ. என் நம்பருக்குப் போட்டுராத. ஒன்பது மணிக்கு மேல நானும் போர்வையை இழுத்து மூடிருவேன்.