ஊவாத் தோட்டக் குடும்பங்களின் முதற் பெருஞ்செலவு: கொஸ்கமப் பயணம் பற்றிய ஓர் ஆராய்ச்சி

ஊவாவைப் பற்றி எழுதியவர்கள் எதையும் விட்டுவைக்கவில்லை. துன்ஹிந்த நீர்வீழ்ச்சி 64 மீற்றர் உயரம் என்று அளந்து எழுதினார்கள். பதுளைக்கு ரயில் வந்தது 1924இல் என்று எழுதினார்கள். தெமோதரையில் ரயில்பாதை மலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து தன் ஸ்டேஷனுக்கு அடியிலேயே புகுந்து போவதைப் படம் போட்டுக் காட்டினார்கள். பசறைப் பக்கத்து லயம் ஒன்றில் குடியிருக்கும் ஒரு குடும்பம், பரம்பரையிலேயே முதல் தடவையாக, கொஸ்கமவில் இருக்கும் லெஷர் வேர்ல்டு விளையாட்டுப் பூங்காவுக்குப் போய்வரத் திட்டமிடும் முறையைப் பற்றி மட்டும் ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. இத்தனை பல்கலைக்கழகங்கள் இருந்தும் இந்த நிலை.

ஆய்வின் கருதுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் எழுந்து போகிறவர்களுக்கும் பயன்பட வேண்டும் அல்லவா? தோட்டத்துக் குடும்பத்தின் உல்லாசப் பயணத்தைத் தீர்மானிப்பது பணம் அல்ல, தூரம் அல்ல, லீவும் அல்ல. யாரை விட்டுவிட்டுப் போவது என்ற ஒரே கேள்விதான். மற்றதெல்லாம் அந்தக் கேள்வியை எழுப்பத் தைரியம் வரும்வரை பேசிக்கொண்டிருப்பது.

தோற்றுவாய்

ஆசை எங்கே முளைக்கிறது என்பதில் இரண்டு கொள்கைகள் உண்டு. பள்ளிக்கூடக் கொள்கையின்படி, மூத்த பிள்ளை பள்ளிக்கூட ட்ரிப்பில் போய் நனைந்து வந்து, தம்பி தங்கச்சியிடம் அளந்துவிட்ட கதைதான் மூலம். எளிய கொள்கை, ஆகவே ஆய்வாளருக்கு உதவாது. மேட்டுப்பாளையக் கொள்கைதான் ஆழமானது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானது. பெரியவர் குடும்பம் கப்பல் ஏறியது, சின்னவர் குடும்பம் இங்கேயே நின்றது. போனவர்களில் பலர் கோத்தகிரியிலும் கூடலூரிலும் மறுபடி தேயிலைக்குள்ளேயே போய் நின்றார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் மலையிறங்கி, மேட்டுப்பாளையத்து பிளாக் தண்டர் நீர்ப்பூங்காவில் நனைந்த தலையோடு எடுத்த படம் வட்ஸ்அப்பில் பசறைக்கு வந்து சேர்கிறது. ஒப்பந்தத்தில் இந்த விளைவுக்கென்று ஒரு சரத்தும் இல்லை. “அவங்களும் நம்மளாட்டம் கொழுந்து எடுக்குற குடும்பந்தானே” என்று அம்மா ஒரு தடவை சொன்னால் போதும். திட்டம் பிறந்துவிடும்.

சுவடி

மூல ஆவணம் பெரும்பாலும் சம்பளத் துண்டின் பின்பக்கம். முன்பக்கத்தில் ஈ.பி.எஃப்., சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம் என்று கழித்தல் கணக்கு. பின்பக்கத்தில் கூட்டல் மட்டுமே உண்டு.

நான் பார்த்த பிரதியை விவரிக்கிறேன். முதலில் நீல மையில் ஐந்து பெயர்கள்: அப்பா, அம்மா, பிள்ளைகள் மூன்று. இது குடும்பத் தலைவரின் கையெழுத்து. கோடு போட்டு மொத்தமும் எழுதியிருக்கிறார், அப்பாவி. அடுத்து, பென்சிலில், பள்ளிக்கூடத்து உருண்டை எழுத்தில் ‘அப்பாயி’. அதை யாரோ அடித்திருக்கிறார்கள். அடித்ததற்கு மேலே மறுபடியும் ‘அப்பாயி’. அழுத்தி எழுதியதில் தாள் கிழிந்திருக்கிறது. கீழே மாமா, அத்தை, அவர்கள் பிள்ளைகள் இரண்டு. ஓரத்தில் ஓர் எண்ணெய்க் கறை. கறைக்குள் ஒரு பெயர் இருந்து அழிந்திருப்பது வெளிச்சத்தில் பிடித்தால் தெரிகிறது. அது சித்தப்பா மகன் பெயர் என்பார் ஒரு சாரார். சித்தப்பாவே என்பார் மறுசாரார். கறை தற்செயலாக விழுந்தது என்று நம்ப இரு சாராரும் தயாரில்லை. அடியில், வேறு பேனாவில், ‘தேசிக்காய் 10’. அதன் பொருள் பின்னால் விளங்கும்.

பணம்

இந்த இயல் சிறியது. காரணம் தலைப்பிலேயே இருக்கிறது. நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய் ஆனது, 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனது. ஆனாலும் நுழைவுச்சீட்டின் விலையை லயத்தில் யாரும் ரூபாயில் நினைப்பதில்லை. வேலைநாளுக்குச் செக்ரோலில் விழும் பேரில்தான் நினைக்கிறார்கள்: ஒரு டிக்கெட்டுக்கு எத்தனை நாள் பேர் போடவேண்டும், கிலோ குறைந்து அரைப் பேர் விழுந்தால் எத்தனை நாள். மிச்சம் சீட்டிலிருந்தும், ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசிலிருந்தும், குவைத்தில் இருக்கும் சின்னத்தையிடமிருந்தும் வரும். சின்னத்தை வரமுடியாது, ஆனால் வீடியோ கோலில் எல்லா ராட்டினத்திலும் ஏறுவார். ஆகவே போனுக்கு டேட்டா போடுவதும் பயணச் செலவே.

வேனும் லயமும்

ரயில் ஏன் கூடாது? பதுளை ரயில் அழகானது. அதனால்தான் அதில் எங்கள் ஆட்களுக்குச் சீட் கிடைப்பதில்லை. தவிர, அது பட்டிப்பொல, நானுஓயா, ஹட்டன் என்று உலகம் சுற்றிக் கொழும்புக்குப் போகும். அங்கிருந்து களனிவெளிப் பாதையில் வந்த திசைக்கே பாதி திரும்பினால்தான் கொஸ்கம. எனவே டொல்பின் வேன்.

ஒரு டொல்பின் வேனில் எத்தனை பேர் ஏறலாம் என்பதற்குப் பதிவுப் புத்தகம் ஒரு விடை சொல்லும், வேன்காரத் தம்பி ஒரு விடை சொல்வார், மாமா ஒரு விடை சொல்வார். மடியில் வைக்கக்கூடிய பிள்ளை ஆள் கணக்கில் வராது என்பது மாமாவின் விதி. காலி இடம் குறையக் குறைய மடிப்பிள்ளையின் வயது ஏறும் என்பது நான் கண்டுபிடித்த விதி. அறிஞர் உலகம் இதற்கு என் பெயரைச் சூட்டினால் மறுக்க மாட்டேன்.

வேனை நிரப்புவது குடும்பம் என்று நினைப்பவர்கள் லயத்தைப் பார்க்காதவர்கள். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயத்தில் ஒரு காம்பராவில் கிசுகிசுத்த தேதி, தேத்தண்ணி ஆறுமுன் கடைசிக் காம்பராவரை போய், திருத்தங்களோடு திரும்பி வந்துவிடும். மறுநாள் காலை பெரட்டில் கங்காணி, “என்னா, பொம்பளைப்புள்ளைக்கு லீவு வுட்ட ஒடனே ட்ரிப்பாம்ல?” என்கிறார். அதையாவது சிரித்துச் சமாளிக்கலாம். பீலிக்கரையில் பக்கத்து வீட்டு அக்கா ஒன்றும் கேட்க மாட்டார். குடத்தை மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாக வைப்பார். உங்கள் மூத்தவள் பெரியமனுசி ஆனபோது மாவு இடிக்க ராத்திரி முழுக்க உட்கார்ந்தது யார் என்பது அந்தச் சத்தத்தின் பதவுரை. அன்றிரவே அக்காவின் கடைசி மகள் சம்பளத் துண்டின் பின்பக்கத்தில் ஏறிவிடுகிறாள்.

இவ்விடத்தில் மேனாட்டு ஆய்வையும் ஒப்புநோக்க வேண்டும். இரண்டு மகள்களை ராட்டினத்தில் ஏற்றிவிட்டுத் தான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் பெரியவர்களும் சேர்ந்து விளையாட ஓர் இடம் வேண்டும் என்ற யோசனை வந்ததாக வால்ட் டிஸ்னி சொல்லியிருக்கிறார். அந்த யோசனைதான் 1955இல் கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்தாகத் திறக்கப்பட்டது. ஒரு தகப்பன், இரண்டு மகள், ஒரு பெஞ்ச். மிச்சப் பெஞ்ச் காலியாக இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நிம்மதியாக யோசித்திருக்க முடியாது. எமது ஆய்வுப் பிரதேசத்தில் மிச்சப் பெஞ்ச் காலியாக இருந்ததற்குச் சான்று எதுவும் இல்லை.

வழியும் தேசிக்காயும்

பதுளை, ஹாலிஎல, பண்டாரவளை, அப்புத்தளை, பெரகலை. அங்கே ஏ4 வீதியில் ஏறி ஹல்துமுல்லை, பெலிஹுல்ஓயா, பலாங்கொடை, பெல்மதுளை, இரத்தினபுரி, எஹெலியகொடை, அவிசாவளை, கொஸ்கம. சொல்லும்போது வாய் மணக்கும். பெரகலையிலிருந்து வளைந்து வளைந்து இறங்கும்போது வேன் வேறுவிதமாக மணக்கும். தேசிக்காயை நகத்தால் கீறி மூக்கில் வைப்பது, நெற்றியில் சித்தாலேப தடவுவது, ஆளுக்கொரு சொப்பிங் பேக் கையில் கொடுப்பது ஆகியன மரபுவழி ஏற்பாடுகள். வாந்தி வருபவருக்கு முன் சீட் என்பதும் மரபே. அதனால்தான் எந்தப் பாதையிலும் கலங்காத மாமாவுக்குக்கூடப் பயணத்துக்கு முந்திய வாரம் வயிற்றை ஒரு மாதிரிப் பிரட்டத் தொடங்குகிறது.

தெய்வ அனுமதி பற்றியும் சொல்ல வேண்டும். தேயிலை ஸ்டோரில் சக்கரங்களுக்கு ரோதை முனி காவல். கவ்வாத்து வெட்டும் மலைக்குக் கவ்வாத்துச் சாமி. ராட்சத ராட்டினம் யாருடைய எல்லைக்குள் வரும்? அப்பாயியின் தீர்ப்பு தெளிவானது: சுத்துகிறது எதுவாக இருந்தாலும் ரோதை முனிக்குத்தான். தண்ணீரில் சறுக்கி விழும் குழாய்க்கு எந்தச் சாமி பொறுப்பு என்று பேரன் கேட்டான். “நீ அதுல ஏறாத” என்றார் அப்பாயி.

ஓர் ஆட்சேபம்

உலகமே எல்லவுக்கு வருகிறதே, நீங்கள் ஏன் கொஸ்கமவுக்குப் போகிறீர்கள் என்று வெளியூர் அறிஞர்கள் கேட்பதுண்டு. 1921இல் கட்டிமுடித்த ஒன்பது வளைவுப் பாலத்தில் நின்று படம் எடுக்கிறார்கள். தம்பேதன்னைக்கு மேலே லிப்டன் சீட்டில் பனி விலகக் காத்திருக்கிறார்கள். இடுப்பில் பட்டியைக் கட்டிக்கொண்டு கம்பியில் தொங்கித் தேயிலைக்கு மேலே பறக்கிறார்கள். கம்பி விஷயத்தில் எங்களுக்கு முன்னனுபவம் உண்டு. முந்திய காலத்தில் மேல்மலைக் கொழுந்து மூட்டைகள் அப்படித்தான் கம்பியில் ஸ்டோருக்கு இறங்கின. மூட்டை பறந்தது, எடுத்தவர் நடந்தார். தேயிலையைப் பார்த்துப் பரவசப்படுவதற்கு அதில் நமக்குக் கிலோ பாக்கி இருக்கக்கூடாது. ஆட்சேபம் தள்ளுபடி.

கோலும் திணையும்

விளையாட்டுப் பூங்காக்களில் சில ராட்டினங்களின் வாசலில் உயரக் கோல் ஒன்று நிற்பது உலக வழக்கம். அந்தக் கோட்டைத் தலை தொட்டால் உள்ளே, தொடாவிட்டால் வெளியே, வயதைக் கேட்பதில்லை. தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர் என்றும், நாடு முழுவதற்கும் அது ஏறத்தாழ ஆறில் ஒருவர் என்றும் 2016ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பு சொன்னது. அம்மா அந்த அறிக்கையை வாசித்ததில்லை. பதுளை டவுனில் செருப்புக் கடையில் ரெண்டாவது மகனுக்கு மட்டும் அடி தடித்த சப்பாத்தாகப் பார்த்து எடுக்கிறார்.

நீரில் இறங்கும் உடுப்பைப் பற்றிய விவாதம் மூன்று இரவுகளை விழுங்கக்கூடியது. பருத்தித் துணியோடு இறங்க விடமாட்டார்கள் என்ற செய்தி எங்கிருந்தோ வந்து சேர்ந்ததும், அப்பாயி தானாகவே முன்வந்தார்: “நான் கரையில குந்தி செருப்பு பாத்துக்கிறேன்.” இதனால் பட்டியலில் அவர் இடம் உறுதியானது. செருப்புக்குக் காவல் இல்லாமல் இத்தனை சனம் எப்படித் தண்ணீரில் இறங்கும்? அடித்தவர் யாரோ, அவரே மறுபடி அந்தப் பெயரை மையில் எழுதினார்.

பொருளதிகாரம் வகுத்த ஐந்திணையும் இந்த ஒரே பயணத்தில் அடங்குவதை இலக்கண ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். புறப்பாடு பாலை, மாட்டையும் நாயையும் யாரிடம் விடுவது என்ற பிரிவுத் துயரம். முன் சீட்டுக்கு நடப்பது மருதம், ஊடலே உரிப்பொருள். டிக்கெட் வாங்கியபின் கையிருப்பைப் பார்த்து இரங்குவது நெய்தல். ராட்டின வரிசையில் நிற்பது முல்லை; இருத்தல் என்றால் அப்படியோர் இருத்தல். குறிஞ்சி எங்கே என்றால், அதை வீட்டிலேயே பூட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள்.

கதிர்காமக் கட்சி

எல்லாம் தீர்ந்தது என்று நினைக்கும்போதுதான் கதிர்காமக் கட்சி தலையெடுக்கும். தோட்டத்து ட்ரிப் என்றால் பரம்பரையாகக் கதிர்காமம். எல்ல, வெல்லவாய, புத்தல, அதற்கப்பால் யால காட்டோரம். அங்கே யானை வீதியில் வந்து நிற்கும்; வாழைப்பழம் வாங்கிக்கொண்டுதான் வழிவிடும், டிக்கெட் தராது. மாணிக்க கங்கையில் இறங்கிக் குளித்தால் நீர்விளையாட்டும் ஆயிற்று. சேலையோடு இறங்கலாம், கோல் வைத்து அளக்க மாட்டார்கள். “சின்னவனுக்கு மொட்டை நேந்தது அப்பிடியே கிடக்கு. அத வுட்டுட்டு கொடராட்டினமா?” என்று அப்பாயி கேட்டபோது கொஸ்கமக் கட்சியில் பதில் சொல்ல ஆள் இல்லை.

சமரசம் மாமாவிடமிருந்து வந்தது. முன் சீட்காரருக்குப் பாதை தெரியும். முதல் நாள் கதிர்காமம். அடுத்த நாள் விடியமுன் புறப்பட்டு, 2020இல் அம்பாந்தோட்டைவரை திறந்த தெற்கு அதிவேகப் பாதையில் ஏறி, கடுவலையில் இறங்கி, ஹங்வெல்ல வழியாகக் கொஸ்கம. நாள் முழுக்க விளையாடிவிட்டு இரவு ஏ4 வழியாக வீடு. வரைபடத்தில் இது அழகான முக்கோணம். கணக்கில் இது ரெண்டு நாள் வேன், இன்னுமொரு நாள் பேர், மடத்தில் ஓர் இரவு.

இந்தச் சமரசத்தின் உண்மையான விலை மறுநாள் பீலிக்கரையில்தான் தெரிந்தது. ட்ரிப்புக்கு வருகிறேன் என்பவரிடம் சீட் இல்லை என்று சொல்லலாம். கோயிலுக்கு வருகிறேன் என்பவரை வராதே என்று சொல்லும் நாக்கு எந்த லயத்திலும் இல்லை. எண்ணெய்க் கறைக்குள் இருந்தவரும் வெளியே வந்துவிட்டார். சம்பளத் துண்டில் இடம் போதாமல் கொப்பித் தாள் ஒட்டப்பட்டது. வேன்காரத் தம்பியே பெரிய மனதோடு, தன் மச்சான் பஸ் வைத்திருக்கிறார் என்றார்.

மொட்டையடித்த தலைக்கு நீச்சல் தொப்பி தேவையா என்பதில் இன்னும் முடிவில்லை. பஸ்காரர் அட்வான்ஸ் கேட்கிறார். கீழ் டிவிசனிலிருந்தும் ரெண்டு குடும்பம் விசாரித்திருக்கிறது.