கூடத்து ஒற்றை நாற்காலி: ஓர் ஒலியியல், உறவியல் ஆய்வு

ஆய்வுப் பொருளும் எல்லையும்

பாட்டுக் கேட்பதையே தவமாகக் கொண்டு, உயர்தர ஒலிக்கருவிகளை வாங்கி வைத்திருக்கும் குடும்பத் தலைவர்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு. அவர்களுடைய வால்வ் ஆம்பிளிஃபயர்களைப் பற்றியும், ரெக்கார்டு பிளேயரின் முள்ளைப் பற்றியும், கேபிளின் உண்மை விலையைப் பற்றியும், அதை மனைவியிடம் சொன்ன விலையைப் பற்றியும் ஏற்கெனவே விரிவாகப் பேசப்பட்டுவிட்டது. இக்கருவிகள் யாவும் எந்தப் புள்ளியை நோக்கித் திருப்பி வைக்கப்பட்டுள்ளனவோ, அந்தப் புள்ளியில் கிடக்கும் நாற்காலியை முறையாக ஆராய்ந்தார் இலர். இக்குறையைக் களைவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வுக்களம்: 14 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம் கொண்ட நடுத்தர வர்க்கத்துக் கூடம். சிமெண்டுப் பூச்சுச் சுவர், டைல்ஸ் தரை. ஹெட்போன் மாட்டிக்கொள்வோர் இவ்வாய்வின் எல்லைக்குள் வரார். அவர்களுக்கு நாற்காலி எங்கே கிடந்தாலும் ஒன்றுதான். தவிர, “ஏங்க” என்று சமையலறையிலிருந்து வரும் குரல் எட்டாத நிலையைத் தாமே உண்டாக்கிக்கொண்டவர்கள் அவர்கள். அவர்களைக் குடும்பநல நீதிமன்றத்து அறிஞர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

கருதுகோள்: ஸ்டீரியோ ஒலி ஒரு வீட்டில் ஒருவருக்கே உரியது, அந்த ஒருவர் யார் என்பதைக் கருவிக்குப் பணம் கொடுத்தவர் முடிவு செய்வதில்லை.

வரலாற்றுப் பின்புலம்

மோனோ காலத்தில் இச்சிக்கல் எழவே இல்லை. கோவில் கொடைக்குப் புளியமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் ஊர் முழுவதற்கும் ஒரே நியாயம் வழங்கியது. டீக்கடையில் பெஞ்சின் எந்த முனையில் உட்கார்ந்தாலும் பாட்டு கல்லாப்பெட்டிக்கு மேலிருந்துதான் வந்தது. எங்கே உட்கார்ந்து கேட்பது என்று யாரும் யாரையும் கேட்டதாகத் தரவு இல்லை.

கேடு 1931இல் இங்கிலாந்தில் தொடங்கிற்று. ஈ.எம்.ஐ. நிறுவனத்துப் பொறியாளர் ஆலன் புளூம்லைன் தம் வருங்கால மனைவியோடு சினிமாவுக்குப் போயிருந்தார். திரையில் ஆள் ஓர் ஓரத்தில் நிற்க, குரல் வேறிடத்திலிருந்து வருவது அவரை உறுத்தியது. ஆளோடு குரலும் நகர்ந்து போக வழி இருக்கிறது என்று பக்கத்தில் இருந்த அவரிடம் சொன்னார். அவ்வாண்டு டிசம்பர் 14 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1934இல் அபி ரோடு ஒலிப்பதிவுக்கூடத்தில் தாமஸ் பீச்சம் நடத்திய மோட்ஸார்ட் இசையை இரண்டு தடங்களில் பதிவு செய்துகாட்டினார். 128 காப்புரிமைகளைப் பெற்ற அந்த மேதை 1942இல், ரேடார் சோதனைக்காகப் பறந்த விமானம் விழுந்து, தம் 38ஆம் வயதில் இறந்தார். ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கு வந்ததைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

ஆய்வாளர்கள் கவனிக்கத் தவறிய செய்தி ஒன்று இங்கே உண்டு. கணவனும் மனைவியும் ஆகவிருந்த இருவர் அருகருகே உட்கார்ந்திருந்த வேளையில் பிறந்த கருத்து இது. அதன் விளைவாக, அருகருகே உட்கார்ந்து பாட்டுக் கேட்கும் வழக்கமே வீடுகளில் செல்லாததாகிவிட்டது. நிறுவல் பின்வருமாறு.

வடிவியல்

இரண்டு ஸ்பீக்கர்களும் கேட்பவர் தலையும் ஒரு சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளில் இருக்க வேண்டும் என்பது துறையினர் எல்லோரும் ஒப்பும் விதி. பக்கத்துக்கு 2.4 மீட்டர் என்று கொள்வோம். நடுக்கோட்டில் தலை இருந்தால் இரண்டு ஒலியும் ஒரே கணத்தில் காதுக்கு வரும். பாடகி இரு ஸ்பீக்கருக்கும் நடுவே, வெறும் சுவர் இருக்கும் இடத்தில், வந்து அமர்வார். ஒலிப்பித்தர்கள் இலட்சக்கணக்கில் செலவழிப்பது இந்த ஒரு தரிசனத்துக்காகத்தான்.

இப்போது தலையை 30 சென்டிமீட்டர் வலப்பக்கம் நகர்த்துக. ஒரு ஸ்பீக்கர் மற்றதைவிட 30 சென்டிமீட்டர் கிட்டத்தில் வந்துவிடுகிறது. ஒலி விநாடிக்கு 343 மீட்டர் போகும் ஆகையால், வித்தியாசம் ஏறத்தாழ 0.9 மில்லி விநாடி. இது அற்பம் என்று நினைப்போர் மனிதக் காதை அறியார். ஒரே ஒலி இரண்டு இடத்திலிருந்து வந்தால், முந்தி வந்த இடத்தையே காது நம்பும் என்று ஜெர்மானியர் ஹெல்முட் ஹாஸ் 1949இல் விளக்கிவிட்டார். ஆகவே பாடகி நடுச்சுவரை விட்டு எழுந்து வலப்பக்கத்துப் பெட்டிக்குள் போய்விடுவார்.

இருவர் உட்காரும் சோபாவில் தம்பதியர் அமர்ந்தால் இருவர் தலையும் நடுக்கோட்டிலிருந்து விலகியே தீரும். அவருக்கு ஒரு பெட்டியில் பாடகி, இவருக்கு மறு பெட்டியில் பாடகி. சமத்துவம் உண்டு, தரிசனம் இருவருக்குமே இல்லை. நடுக்கோட்டில் ஒருவர் பின் ஒருவராக அமர்ந்தால் வடிவியலுக்கு மறுப்பில்லை. ஆனால் குடும்பம் தன் கூடத்தில் ரேஷன் கடை வரிசையில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பதைத் தமிழ்ச் சமூகம் இதுவரை ஏற்கவில்லை.

ஒயர் சரியாக மாட்டப்பட்டிருக்கிறதா என்பதை அறிய நம்மவரிடம் கருவியேதும் வேண்டாத ஒரு சோதனை உண்டு. கர்நாடகக் கச்சேரியில் வலக்கை மிருதங்கக்காரர் தம் வலந்தலையைச் சபைக்குக் காட்டி உட்கார வேண்டியிருப்பதால், கேட்பவரின் இடப்பக்கத்தில் இருப்பார், வயலின் வலப்பக்கம். மேடையில் இருந்தபடியே பதிவான தட்டில் மிருதங்கம் வலப்பக்கம் கேட்டால், வித்வான் இடக்கைக்காரர், அல்லது ஒயரை மாற்றி மாட்டியவர் வீட்டுக்காரர். பின்னதே பெரும்பான்மை.

நாற்காலியின் பொருளாதாரத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். தடையற்ற வெளியில், ஸ்பீக்கருக்கு உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் ஒலி 6 டெசிபல் கூடும். 50 வாட் ஆம்பிளிஃபயரை விற்று 200 வாட் வாங்கினாலும் கிடைப்பது அதே 6 டெசிபல்தான். அறைக்குள் இந்த ஆதாயம் சற்றுக் குறையும். ஆயினும் நாற்காலியை இழுத்துப் போடுவதற்குத் தவணை கட்டத் தேவையில்லை. இவ்வுண்மையை எந்தக் கடைக்காரரும் சொல்லக் காணோம்.

அறை, வாஸ்து, உறவினர்

நாற்காலியை முன்பின்னாக எங்கே போடுவது? 14 அடி நீள அறையில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 40 ஹெர்ட்ஸ் ஒலி நிலைகொண்டு நிற்கும். சுவரோரம் அதன் அழுத்தம் உச்சம். நடு அறையில் சுழியம். பேஸ் கிதாரின் அடிக்கம்பி எழுப்பும் ஸ்வரம் 41 ஹெர்ட்ஸ். ஆகவே சுவரோடு ஒட்டிய சோபாவில் அமர்ந்து இளையராஜா பாட்டுக் கேட்பவருக்கு அந்த ஸ்வரம் வரும்போதெல்லாம் வயிறு அதிரும். நட்டநடுவில் அமர்ந்தவருக்கு அதே ஸ்வரம் காணாமற்போகும். இருவரும் ஒரே பாட்டைக் கேட்டதாகச் சொல்லிக்கொள்வார்கள்.

வீட்டின் நடுவிடம் பிரம்மஸ்தானம், அங்கே எதையும் போடக் கூடாது என்கிறது வாஸ்து. ஒலியியலும் வாஸ்துவும் கருத்தொருமித்த இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். சுவரும் ஆகாது, நடுவும் ஆகாது என்றால் எஞ்சுவது பின்சுவரிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரம். எந்த வீட்டிலும் அது வாசலிலிருந்து சமையலறைக்குப் போகும் பாதை. நாற்காலிக்காரர் தம் வாழ்நாள் முழுவதும் குடத்துக்கும் காய்கறிப் பைக்கும் முழங்காலை ஒதுக்கிக் கொடுத்தபடி இசையைத் துய்ப்பது இதனால்தான்.

அடுத்தது எதிரொலி. இதற்கு மூலவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து வாலஸ் சபைன். அங்கே ஒரு விரிவுரைக் கூடத்தில் பேச்சே புரியவில்லை. எழுந்த ஒலி அடங்க ஐந்தரை விநாடி ஆயிற்று. 1895இல் அதைச் சரிசெய்யச் சொல்லி இந்த இளைஞரிடம் விட்டார்கள். பக்கத்து அரங்கத்து இருக்கை மெத்தைகளை இரவோடிரவாகச் சுமந்து வந்து அடுக்கி, ஆர்கன் குழாயை ஊதி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். தாம் போட்டிருக்கும் உடுப்பு மாறினாலும் கணக்கு மாறுவதைக் கண்டு ஒரே உடுப்போடு வேலை செய்தார். அறிவியலுக்காக மெத்தை சுமந்த முதல் மனிதர் என்ற வகையில் நம் குடும்பத் தலைவர்களுக்கு அவர் குலகுரு. 1900இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி ஹால் அவர் கணக்கின்படி எழுந்தது.

சபைன் சூத்திரத்தை நம் கூடத்துக்குப் பொருத்துவோம். அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, அறை விழுங்கும் ஒலியின் அளவால் வகுக்க வேண்டும். கன அளவு ஏறத்தாழ 48 கன மீட்டர். சுவர், தரை, கூரை சேர்ந்து 80 சதுர மீட்டர். பூச்சுச் சுவர் நூற்றுக்கு மூன்று பங்கு ஒலியைத்தான் விழுங்கும் என்று கொண்டால், சாமான் இல்லாத அறையில் ஒலி அடங்க 3 விநாடிக்கு மேல் ஆகும். பாடகி ஒரு சொல்லை முடித்து அடுத்த சொல்லுக்குப் போன பின்னும் முந்தைய சொல் கூடத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும்.

இதற்குத் தீர்வு மனித உடல். உடையணிந்த ஓர் ஆள் சுமார் 0.45 சதுர மீட்டர் அளவு ஒலியை விழுங்குகிறார். நாலு பேர் வந்தமர்ந்தால் 3 விநாடி 2 விநாடிக்குக் கீழே இறங்கும். பத்துப் பேர் வந்தால் 1 விநாடி சொச்சம். நல்ல கேட்பறைக்கு வேண்டிய அரை விநாடியை எட்ட, என் கணக்கில், 29 பேர் வேண்டும். வளைகாப்புக் கூட்டம்.

இவ்வாய்வின் மையச் சிக்கல் இங்கே வெளிப்படுகிறது. உறவினர் இல்லாத வீட்டில் எதிரொலி. உறவினர் வந்த வீட்டில் நாற்காலி இல்லை. வந்தவரை நடு நாற்காலியில் உட்கார வைக்காமல், “சித்தப்பா, நீங்க அந்த மூலையில உட்கார்ந்தீங்கன்னா எதிரொலி குறையும்” என்று சொன்ன குடும்பத் தலைவர் எவரையும் களப்பணியில் காண இயலவில்லை. சுவரில் சாய்த்து நிறுத்திய இலவம்பஞ்சு மெத்தை ஒன்று ஏறத்தாழ மூன்று உறவினருக்குச் சமம். அது காபி கேட்பதில்லை. ஆனால் கூடத்தில் மெத்தை நிற்கும் காரணத்தை வருவோர் போவோருக்கெல்லாம் விளக்க வேண்டிய பொறுப்பு வீட்டுப் பெண்களின் தலையில் விழுகிறது. அவர்கள் இதற்கு இசைவதில்லை என்பதோடு, மெத்தையைக் காட்டிலும் கடுமையான சொற்களையும் கையாளுகின்றனர்.

ஊஞ்சல் பற்றிய இடைப்பிறவரல்

கூடத்தில் ஊஞ்சல் உள்ள பழைய வீடுகளில் சிலர் ஊஞ்சலிலேயே அமர்ந்து கேட்பர். ஆடும்போது சுருதி விலகாதா என்ற ஐயம் நியாயமானது. ஸ்பீக்கரை நோக்கிப் போகும்போது சுருதி ஏறும், விலகும்போது இறங்கும். அது டாப்ளர் விதி. சங்கிலி 2.2 மீட்டர், ஆட்டம் முன்னும் பின்னும் அரை மீட்டர் என்றால் உச்ச வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர். விலகல் 5 சென்ட் வரும். ஒரு ஸ்வரத்தானத்துக்கும் அடுத்ததற்கும் 100 சென்ட். நம் சாஸ்திரக்காரர்கள் நுணுகிப் பிரித்த பிரமாண சுருதியே 22 சென்ட். எனவே ஊஞ்சலில் மெல்ல ஆடுவோர் சுருதி சுத்தமாகவே கேட்கின்றனர். பேரன் உந்திவிட்டால் பொறுப்பில்லை. ஊஞ்சல் பக்கவாட்டில் ஆடும்படி மாட்டியிருந்தாலோ, பாடகி 3 விநாடிக்கு ஒருமுறை ஒரு பெட்டியிலிருந்து மறு பெட்டிக்குப் போய்வருவார். அதை இசை என்று கொள்ள இயலாது.

களஆய்வு

நாற்காலியில் உண்மையில் அமர்வோர் யார்? முதன்மைத் தகவலாளர் மாமியார். நாற்காலி மின்விசிறிக்கு நேர் கீழே இருப்பதே அவர் அதைத் தேர்ந்ததற்குக் காரணம்; சமபக்க முக்கோணத்தைப் பற்றி அவருக்குக் கருத்தில்லை. இரண்டாமவர் விருந்தினராக வந்த பெரியவர். அவருக்கு நாற்காலியை மரியாதையோடு கொடுத்து, தட்டைத் துடைத்து, முள்ளை இறக்கி, கண்ணை மூடிக் கேட்கும்படி வேண்டியபோது கண்ணை மூடியவர் கச்சேரி முடிந்த பிறகே திறந்தார். “அருமையா இருக்கு மாப்ளே, கொஞ்சம் சத்தத்தை மட்டும் குறைச்சுக்கோங்க” என்பது அவர் கருத்துரை. இதனைத் திறனாய்வு எனக் கொள்வதா, வேண்டுகோள் எனக் கொள்வதா என்பதில் ஐயம் நீடிக்கிறது.

குடும்பத் தலைவருக்கு நாற்காலி முழுமையாகக் கிடைப்பது பணி ஓய்வுக்குப் பிறகு. பி.எஃப். பணம் வந்து, நெடுநாள் கனவான ஸ்பீக்கரும் வந்துவிடும் பருவம் அது. மனிதச் செவியின் எல்லை 20,000 ஹெர்ட்ஸ் என்று புத்தகம் சொல்லும். அது பிள்ளைப் பருவத்துக் கணக்கு. அறுபதை எட்டியவர் பெரும்பாலோர்க்கு 12,000க்கு மேல் கேட்பது அரிது. ட்வீட்டர் என்னும் சிறு ஒலிப்பானின் மேல்பாதிக்கு அவர் கொடுத்த காசு முழுவதும் பேரனுக்குப் பயன்படுகிறது. பேரன் அந்நாற்காலியில் ஒரு நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்ததில்லை.

மேலாய்வுக்கு உரியவை

நாய், பூனை ஆகியவற்றின் நாற்காலி உரிமை தனியே ஆராயத்தக்கது. 1957இல் இங்கிலாந்தின் குவாட் நிறுவனம் வெளியிட்ட நிலைமின் ஸ்பீக்கர் தட்டையான சட்டம் போல நிற்கும்; ஒரு தலை அளவுக்கே தன் முழு அழகையும் காட்டும் என்று பெயர் பெற்றது. உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடும் அதன் மேல், மழைக்காலத்தில் ஈரத்துணி காயப்போடுவோரின் நிலை குறித்தும் யாரேனும் உடனடியாக எழுதுவது நல்லது.

கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது. இனி 29 பேர் பற்றிய கணக்கை நேரில் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. ஆர்வமுள்ள வாசகர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலை வரலாம்; கனத்த பருத்தி உடுப்போ கம்பளிச் சால்வையோ அணிந்து வருவது விரும்பத்தக்கது. சுவரோரமாக உட்கார வேண்டியிருக்கும். காபி உண்டு, நடு நாற்காலி கிடையாது.