துடுப்பு மாமா பதில்கள்: முக்கொம்பு ஸ்பெஷல்

நெடுந்தூரப் படகுப் போட்டிக்குத் தயாராகும் கோஷ்டி ஒன்று சனி, ஞாயிறில் கயாக்கும் கையுமாகக் காவிரிக் கரையில் அலைகிறது போலிருக்கிறது. இந்த வாரத் தபால் பையைத் திறந்தால் ஒரே ஈரவாடை!

திருவானைக்காவல் வாசகர்: முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறதே, பயிற்சிக்குக் காவிரிப் பக்கம் திரும்புவதா, கொள்ளிடம் பக்கமா?

கொள்ளிடம் வெள்ள வடிகால். அதில் தண்ணீர் வரும்போது நீங்கள் இறங்கக் கூடாது. நீங்கள் இறங்க நினைக்கும்போது மணல்தான் இருக்கும். அணைக்கு மேற்கே தேங்கி நிற்கும் நீர்தான் துடுப்புக்கு லட்சணம். அதுவும் மதகிலிருந்து நன்றாகத் தள்ளி, நீர்வளத் துறையிடம் கேட்டுக்கொண்டு.

பெட்டவாய்த்தலை வாசகர்: வருஷம் பூராவுக்கும் அட்டவணை போட்டுவிட்டேன். கோச்சாக யாரை வைத்துக்கொள்ளலாம்?

மேட்டூரை. வழக்கப்படி ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 மூடல். 1934 முதல் இந்த ஆற்றுக்கு அட்டவணை போடுவது அந்த அணைதான். மற்ற மாதங்களுக்கு நீங்கள் எழுதி வைத்திருப்பதைச் சிறுகதைப் போட்டிக்கு அனுப்பலாம்.

உறையூர் வாசகர்: முக்கொம்பு அணையும் எங்க ஊர்ச் சோழன் கரிகாலன் கட்டியதுதானே?

ஊர்ப்பற்று நல்லதுதான். ஆனால் அவர் பெயர் சொல்வது கிழக்கே இருக்கும் கல்லணை. இது மேலணை; 1836-38இல் ஆர்தர் காட்டன் கட்டியது. கொள்ளிடத்தின் படுகை தாழ்வு, சரிவும் ஜாஸ்தி. தண்ணீரெல்லாம் அந்தப் பக்கமே ஓட, தஞ்சாவூர் வயல் காய்ந்தது. காட்டன் கல்லணையைப் பார்த்துப் பாடம் படித்துவிட்டு, கொள்ளிடத்துக்குக் குறுக்கே தடுப்புப் போட்டார். கரிகாலனுக்கு டியூஷன் ஃபீஸ் கொடுத்ததாகத் தகவல் இல்லை.

தில்லைநகர் வாசகர்: 2018இல் மதகு உடைந்ததே, இப்போது அணைப் பக்கம் துணிந்து போகலாமா?

அந்த ஆகஸ்ட் 22 ராத்திரி, கொள்ளிடத்தின் 45 மதகுகளில் 9 அடித்துக்கொண்டு போயின. 180 வருஷக் கட்டுமானம். பிறகு 387 கோடி ரூபாய்ச் செலவில் பக்கத்திலேயே புதுக் கதவணை எழுந்துவிட்டது.

ஆனால் உங்கள் பயமே இடம் மாறியிருக்கிறது. படகுக்காரனுக்கு உடைந்த அணையைவிட உடையாத அணைதான் எமன். வழிந்து விழும் தண்ணீர் அடியில் போய், மேலே கிளம்பி, மறுபடி அணையை நோக்கியே திரும்பும். அதில் சிக்கிய மரக்கட்டை மணிக்கணக்கில் அங்கேயே உருளும். பார்க்க அமைதியாக, வெள்ளை நுரையோடு, செல்ஃபிக்கு ஏற்ற இடம் போல இருக்கும். மாவட்ட அளவில் வாங்கிய நீச்சல் மெடலைக் காட்டினாலும் விடாது.

லால்குடி வாசகர்: உலகத்திலேயே நீளமான படகுப் பந்தயங்களில் ஒன்றைச் சொல்லி என்னைப் பயமுறுத்துங்கள்.

கனடாவின் யூகான் ரிவர் குவெஸ்ட். வொயிட்ஹார்ஸிலிருந்து டாசன் சிட்டி வரை 715 கி.மீ. தலைக்காவிரியிலிருந்து கடல் வரை நம் காவிரியே சுமார் 800தான். ஜூன் கடைசியில் அங்கே நடுராத்திரியிலும் வெளிச்சம். இருட்டிவிட்டது என்று சாக்குச் சொல்லிக் கரையேற முடியாது.

இங்கிலாந்தில் டிவைசஸ்-வெஸ்ட்மின்ஸ்டர் 125 மைல்தான். ஆனால் எழுபது சொச்சம் இடங்களில் இறங்கி, படகைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

அவரோடு வந்த நண்பர்: படகைச் சுமக்கவா மாமா துடுப்புப் பழகினேன்?

மேட்டூரிலிருந்து முக்கொம்புக்கு ஒரு நடை வந்து பாருங்கள் தம்பி. செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று கதவணைகள் வரிசை கட்டி நின்று ஆற்றில் மின்சாரம் கறக்கின்றன. கீழே வந்தால் மாயனூர். ஒவ்வொன்றுக்கும் முன்னால் கரையேறி, சுமந்து, சுற்றிப்போய் இறங்க வேண்டும். காவிரியில் நெடுந்தூரம் போகிறவன் பாதி படகோட்டி, பாதி பல்லக்குத் தூக்கி.

ஜீயபுரம் வாசகர்: கிழக்கே போகும்போது பறக்கிறேன். திரும்பும்போது நகரவே மாட்டேன் என்கிறது. படகில் கோளாறா?

காலண்டரில் கோளாறு. ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்றும், ஆற்றின் ஓட்டமும் சேர்ந்து உங்கள் முதுகில் தட்டிக்கொடுத்தன. அதை உங்கள் திறமை என்று நம்பிவிட்டீர்கள். முதலில் மேற்கே எதிர்த்துப் போய்விட்டு, களைத்த பிறகு ஓட்டத்தோடு திரும்புங்கள். காற்று மிஞ்சினால் படகை எடுக்கவே வேண்டாம். அம்மிக்கே உத்தரவாதம் இல்லாத மாதத்தில் இருபது கிலோ கயாக் எம்மாத்திரம்?

பாலக்கரை வாசகர்: புஜம் கழன்றுவிடும் போல வலிக்கிறது. என்ன எண்ணெய் தேய்க்கலாம்?

எண்ணெயை மிச்சம் பிடியுங்கள். கையால் இழுப்பதால் வரும் வினை இது. இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பி, காலால் மிதியை உந்தினால் படகு போகும். கைக்குத் துடுப்பைப் பிடிக்கிற வேலை மட்டும்தான். ஆட்டுக்கல்லில் மாவாட்டிய உங்கள் பாட்டிக்கு இந்த வித்தை தெரியும், ஜிம் மாஸ்டருக்குத்தான் தெரியவில்லை.

முசிறி வாசகி: படகிலேயே சாப்பிட என்ன கொண்டுபோகலாம், மாமா?

மணிக்குச் சுமார் 60 கிராம் மாவுச்சத்து என்பது நெடுந்தூரக்காரர்களின் பொதுக்கணக்கு. அதாவது பெரிய வாழைப்பழம் இரண்டு. தொட்டியத்து வாழைத்தோட்டம் கூப்பிடு தூரத்தில் இருக்க, ஜெல் பாக்கெட்டுக்கு ஆர்டர் போட்டுவிட்டுக் கூரியர்காரனுக்குக் காத்திருக்காதீர்கள் அம்மணி. வெறும் தண்ணீரையே குடித்துத் தள்ளினால் ரத்தத்தில் உப்பு இறங்கும். உப்புப் போட்ட மோர் உத்தமம். புளியோதரை கரையேறிய பிறகு.

சமயபுரம் வாசகர்: கொள்ளிடத்தில் முதலை உண்டாமே?

உண்டு. அணைக்கரைப் பக்கம் ரொம்பப் பிரசித்தம். 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இருக்கிறது. உங்களுக்கு லைஃப் ஜாக்கெட் மட்டும்தான்.

ஸ்ரீரங்கம் வாசகர்: பயிற்சியில் வாரம் ஒரு நாள் ஓய்வு அவசியமா?

எந்த ஊரில் உட்கார்ந்து என்ன கேள்வி! இரண்டு பக்கமும் ஆறு ஓட, நடுவில் பெருமாளே பள்ளிகொண்டிருக்கிறார்.

புத்தூர் வாசகர்: தமிழில் தலைசிறந்த நெடுந்தூரப் படகோட்டி யார்?

கல்கியின் பூங்குழலி. கோடிக்கரையிலிருந்து ஈழத்துக்குத் தனியாகப் படகு விடுவாள். ஸ்பான்சர் இல்லை, ஜி.பி.எஸ். இல்லை. கதை வேண்டாம், நிஜம் வேண்டும் என்றால் குற்றாலீஸ்வரன். 1994இல் பாக் நீரிணையைக் கடந்தபோது அவருக்கு 12 வயது. நீந்தியே கடந்தார். கார்பன் ஃபைபர் துடுப்பு இல்லாமல் பயிற்சியே வராது என்று புலம்புகிறவர்கள் கவனிக்க.

கே.கே. நகர் வாசகி: ஞாயிற்றுக்கிழமை நான் துடுப்போடு முக்கொம்புக்குக் கிளம்பினால், மதியச் சாப்பாட்டுக்கு என்ன வழி என்கிறார் வீட்டுக்காரர்.

ஹாலிலிருந்து அடுக்களை 715 கி.மீ. இல்லை என்று சொல்லுங்கள்.