அவசரப் பணக்காரர்

திண்டிவனத்தில் ஏறி விழுப்புரத்தில் இறங்கும் காலை பாசஞ்சரில் இவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஜன்னலோர சீட், சட்டைப் பையில் சீசன் டிக்கெட், மடியில் டிபன் பை. எதிர் சீட்டுக்காரர் டீ வாங்கிக் கொடுத்தால் குடிப்பார். குடித்துவிட்டு நோட்டை எடுத்து, அன்றைய தேதிக்கு நேராக வரவு பன்னிரண்டு ரூபாய் என்று எழுதிக்கொள்வார். ஏதோ ஒரு அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். அலுவலகத்தில் கழித்துப் போட்ட வருகைப் பதிவேடுதான் அந்த நோட்டு. ஆள் வந்தால் குறிக்க அச்சடித்த கட்டங்களில் இப்போது ரூபாய் வந்ததைக் குறிக்கிறார்.

இவர் இப்படி ஆனதற்குக் காரணம் ஒரு வீடியோ. வாட்டசாட்டமான ஒரு தம்பி அதில் தோன்றி, "குடும்பத்தோட ஆறு மாசச் செலவ அவசரத்துக்குன்னு தனியா எடுத்து வெச்சிடுங்க, வேலை போனாலும் கலங்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அரசாங்க உத்தியோகம் எங்கே போகும் என்று இவர் யோசிக்கவில்லை. மாதச் செலவு இருபத்தெட்டாயிரம், ஆறால் பெருக்கினால் ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம் என்று அன்று ராத்திரியே கணக்குப் போட்டுவிட்டார். அகவிலைப்படி நிலுவை, பொங்கல் போனஸ், தீபாவளிக்கு எடுக்காத சட்டை எல்லாம் அதற்குள் போயின. கிட்டத்தட்ட முடியும் நேரத்தில் கேஸ் விலை ஏறியது. மாதச் செலவு கூடினால் அதன் ஆறு மடங்கும் கூடுமே! அன்றிலிருந்து தக்காளி விலை ஏறினால் வீட்டுக்காரம்மா ஒரு பங்கு வருத்தப்படுவார், இவர் ஆறு பங்கு.

சேர்க்கிற புத்தி இவருக்கு ரத்தத்திலேயே உண்டு. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் கொடுத்த நிலக்கடலை ரகங்கள் டி.எம்.வி. என்ற பெயரோடு எங்கெங்கோ போயிருக்கின்றன. அந்த டி.எம்.வி.யே திண்டிவனம்தான். இவருடைய தாத்தா டி.எம்.வி. 2 போட்டவர். வீட்டில் உலை வைக்க ஒன்றுமில்லாத நாளிலும் பரணில் கட்டிவைத்த விதைக்கடலையைத் தொடவிட மாட்டாராம். "வெதயத் தின்னா வம்சம் வெளங்காதுடா" என்பாராம். ஆனால் ஆடிப்பட்டம் வந்ததும் மூட்டையை அவிழ்த்துவிடுவார். அந்தப் பாதி இவருக்கு வந்து சேரவில்லை.

முன்பெல்லாம் இவரும் ரொக்கக்காரர்தான். 2016 நவம்பர் 8 ராத்திரி ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று பிரதமர் டிவியில் சொன்னதும், அம்மாவின் சுருக்குப்பை, சாமி படத்தின் பின்பக்கம், உளுந்து டப்பா என்று வீட்டின் மூலை முடுக்கெல்லாம் தானாக வாக்குமூலம் கொடுத்தது. ஆளாளுக்கு இவ்வளவு வைத்திருந்தார்களா என்ற அதிர்ச்சி இவருக்கு இன்னும் தீரவில்லை. அதோடு பணம் வீட்டில் இருக்கக் கூடாது, வங்கியில்தான் இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தார். அதுவும் திண்டிவனத்தில் கூடாது. கைக்கெட்டினால் செலவாகிவிடும். ஆகவே விழுப்புரத்தில் கணக்கு. ஏ.டி.எம். கார்டு வேண்டாம் என்று எழுதியே கொடுத்துவிட்டார். வங்கி திவாலானாலும் 5 லட்சம் வரை காப்பீடு உண்டு, 2020-ல்தான் ஒரு லட்சத்திலிருந்து ஏற்றினார்கள் என்று யாரைப் பார்த்தாலும் சொல்லுவார். இவர் போட்டிருப்பது அதில் பாதிகூடத் தேறாது. அது வேறு விஷயம்.

பணத்தைச் சேர்த்தது பெரிய காரியமில்லை. எது அவசரம் என்று தீர்ப்புச் சொல்வதில்தான் இவர் உயர்நீதிமன்றம். போர் மோட்டாரில் காயில் எரிந்தது. "மோட்டார்னா எரியத்தான் செய்யும், இது பராமரிப்பு." மாடி ஒழுகியது. "வருஷா வருஷம் ஐப்பசி வரும்னு தெரியாதா?" மகளின் கல்லூரிக் கட்டணம். "அவ பொறந்த அன்னிக்கே தெரிஞ்ச செலவு." அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தபோதுகூட, ஆட்டோ வருகிற வரைக்கும், "எழுபத்தெட்டு வயசுல விழுறது எதிர்பாக்கக்கூடியதுதான்" என்று தீர்ப்பை வாசித்துக்கொண்டிருந்தார்.

முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையில் வைத்தியம் ஆனது. துணைக்கு ஆள், போக்குவரத்து, வீட்டுக்குக் கட்டில், வாக்கர், அப்புறம் இரண்டு மாதம் பார்த்துக்கொள்ள ஓர் அம்மா என்று அறுபதாயிரம் தேவைப்பட்டது. "அந்த விழுப்புரம் பணம் இருக்குதே" என்று வீட்டுக்காரம்மா வாயெடுத்தார். இவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "அத ஒடச்சா அவசரத்துக்கு என்னா பண்ணுவ?" என்று கேட்டுவிட்டு, அம்மணியின் மூன்று பவுன் சங்கிலியை வாங்கிக்கொண்டுபோய் அடகு வைத்தார். வைப்புத் தொகைக்கு வங்கி தருவது ஏழு வட்டி. நகைக்கடனுக்கு இவர் கட்டுவது ஒன்பதரை. அறுபதாயிரத்துக்கு வருஷம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் நஷ்டம் என்று மகன் விரல்விட்டுச் சொன்னான். "அது நஷ்டம் இல்லடா, நிதிக்குப் பாதுகாப்புக் கட்டணம்" என்றார்.

ஊரில் இவர் ஒருவர்தான் என்று நினைக்காதீர்கள். வட்டிக்கு வாங்கி வைப்பு நிதியைக் காப்பாற்றுகிறவர்கள் நம் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அடகுக் கடைகள் இத்தனை பளபளப்பாக இருப்பதில் அவர்களுக்கும் பங்குண்டு.

ஃபெஞ்சல் புயல் வந்தது. 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது. விடிவதற்குள் மயிலத்தில் மட்டும் 50 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. கரண்ட் இல்லை, செல்போனில் சிக்னல் இல்லை. டிசம்பர் 2 அன்று விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியது என்று ரயிலையும் நிறுத்திவிட்டார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் பணம், இந்தப் பக்கம் இவர். வீட்டில் இருந்த ரொக்கம் நூற்று நாற்பது ரூபாய். பால் பாக்கெட்டுக்கும் மெழுகுவத்திக்கும் மூலைக்கடையில் அம்மணிதான் போய்க் கடன் சொல்லிவிட்டு வந்தார். இவர் பொங்கிவரும் தெருத் தண்ணீரை மாடியிலிருந்து பார்த்தபடி, "நல்லவேளை, பணத்த வீட்ல வெக்கல. எல்லாம் நனஞ்சி போயிருக்கும்" என்று ஆறுதல் அடைந்தார்.

இது அவசரம்தானே என்று மகள் கேட்டாள். "ஊருக்கே வந்ததுடி, நமக்குன்னு தனியா வந்ததா?"

பிறகு விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. ரேஷன் கடையில் வரிசையில் நின்று வாங்கினார். மூலைக்கடைப் பாக்கியைத் தீர்ப்பார் என்று வீடே காத்திருந்தது. மறுநாள் காலை பாசஞ்சரில் அந்த நான்கு ஐந்நூறு ரூபாய் நோட்டும் விழுப்புரம் போய்ச் சேர்ந்தன. அவசரத்துக்கென்று வந்த பணம் அவசர நிதியில்தான் சேர வேண்டுமாம்.

உறவுக்காரர்களிடம் மட்டும் இவருக்கு நடிப்புத் திறமை உண்டு. செஞ்சியிலிருந்து மச்சான் வருகிறார் என்று தெரிந்தால் பின்னூசி குத்திய செருப்பு வாசலுக்கு வந்துவிடும். "கையில ஒன்னியும் இல்ல மச்சான், நகையே அடகுல கெடக்குது" என்பார். இரண்டாவது பாதி நிஜம் என்பதால் குரலும் தழுதழுக்கும்.

2025 நவம்பரிலிருந்து வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம் என்று புது விதி வந்திருக்கிறது. யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் பிரித்து எழுதலாம். இவருக்குத் திருவிழாதான். போன ஞாயிற்றுக்கிழமை பாரத்தை விரித்துவைத்துக்கொண்டு, மனைவி, மகன், மகள், அம்மா என்று பென்சிலால் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தார். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மணி நிமிர்ந்து பார்த்தார். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும். சங்கிலி இன்னும் திரும்பவில்லை.

"ஏங்க, அப்ப நீங்க கண்ண மூடுனாதான் அந்தப் பணம் வெளிய வருமா?"

"அப்பவும் உடனே வராது. இறப்புச் சான்றிதழ் கேப்பான். நாலு ஜெராக்ஸ் எடுத்து வெச்சிக்க" என்றவர், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "ஜெராக்ஸ் காச வீட்டுக் கணக்குல எழுதிடு" என்றார்.