கொசுறுத் தோட்டம்

சென்னை அடுக்குமாடி வீட்டில் செடி வளர்க்க ஒதுக்கப்பட்ட இடம் பால்கனி. துணி உலர்த்தவும், ஏ.சி.யின் வெளிப்பெட்டியை நிறுத்தவும், கொலுப்படியையும் காற்றிறங்கிய சைக்கிளையும் வைக்கவும் ஒதுக்கப்பட்டிருப்பதும் அதே இடம்தான். இவையெல்லாம் போகக் கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒன்றரை அடி மிஞ்சும். தோட்டம் என்பது அது.

பால்கனி பார்க்கும் திசை முக்கியம். வீடு வாங்கும்போது வாஸ்துக்காரர் வாசலைப் பார்த்திருப்பார். கொத்தமல்லியின் சார்பில் யாரும் எதையும் பார்த்திருக்க மாட்டார்கள். சென்னை ஏறத்தாழ 13 டிகிரி வடக்கு அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அதையும் தாண்டி வடக்கே போய், ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில்தான் தெற்கே திரும்புகிறது. அதனால் வடக்குப் பால்கனிக்கு மார்கழியில் ஒரு பொட்டு வெயில் கிடையாது. அக்னி நட்சத்திரத்தில் காலையும் மாலையும் தவறாமல் வந்துவிடும். தெற்குப் பால்கனிக்கு நேர்மாறு: மார்கழி, தையில் இதமான வெயில், கோடையில் ஓரளவு நிழல். மேற்குப் பால்கனி மோர்மிளகாய் காயவைக்க மிகவும் உகந்தது.

அடுத்தது மண். செம்மண் கனக்கும் என்பதால், ஒரு காலத்தில் கயிறு ஆலைகளின் பின்புறம் மலைபோல் கொட்டிக் கிடந்த தென்னை நார்க்கழிவு இன்று கோகோபீட் என்ற பெயரில் காசுக்கு வருகிறது. அழுத்திக் கட்டியாக்கிய ஐந்து கிலோ, தண்ணீர் பட்டால் அறுபது லிட்டருக்கு மேல் உப்பும். முதல்முறை வாங்குபவர் முழுக் கட்டியையும் ஒரே பக்கெட்டில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டுக் காபி குடிக்கப் போவார். திரும்பி வரும்போது பக்கெட் கண்ணுக்குத் தெரியாது. செம்மண், நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சமபங்காகக் கலப்பது பொது வழக்கம்.

தொட்டிச் செடிகளைக் கொல்வதில் வெயிலைவிடத் தண்ணீருக்கே கைராசி அதிகம். வேருக்குக் காற்றும் வேண்டும். மண் எந்நேரமும் ஊறிக் கிடந்தால் வேர் அழுகி, உறிஞ்ச வழியில்லாமல் இலை வாடும். வாடிய இலையைக் கண்டதும் பாசமுள்ளவர் இன்னொரு சொம்பு ஊற்றுவார். விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விட்டு, ஈரம் இருந்தால் சொம்பைக் கீழே வைத்துவிடலாம். ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் நீரில் உப்பு திரண்டிருப்பதால் அது ஆகாது, ஏ.சி. சொட்டும் நீரில் உப்பு இல்லை, தாராளமாக ஊற்றலாம். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால், தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு ஒன்றரை வாரத்துக்குள் முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வந்துவிடும். பின்னாலேயே மாநகராட்சி ஊழியரும் வருவார். தட்டு வைக்காவிட்டால் கீழ்வீட்டுக்காரர் வருவார், கையில் செம்மண் சொட்டிய வேட்டியுடன்.

இனி செடிகள். காய்கறிக்காரர் கொசுறாகத் தருவது இங்கே வளரும். ரசீது போட்டு வாங்கியது பெரும்பாலும் வளராது. ஆய்ந்து போட்ட புதினாத் தண்டை ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்தினால் ஒரு வாரம் பத்து நாளில் வேர்விடும். பக்கத்து வீட்டில் ஒடித்துவந்த ஓமவல்லிக் கிளை எந்த மண்ணிலும் பிடிக்கும். சளிக்குக் கஷாயமாகும், சளி இல்லாத நாளில் பஜ்ஜியாகும். கொத்தமல்லி விதையைச் சப்பாத்திக் கட்டையால் லேசாக உருட்டி இரண்டாக உடைத்து விதைக்க வேண்டும். கோடையில் விதைத்தால் நாலு இலை விடுவதற்குள் பூத்துக் கதையை முடித்துக்கொள்ளும். ரோஸ்மேரியும் லாவெண்டரும் மத்தியதரைக் கடலோர வறண்ட காற்றில் பிறந்தவை. சென்னைப் புழுக்கத்தில் அவை தங்குவது ஏறக்குறைய விருந்தாளி தங்கும் காலம்தான். பீட்சாவுக்காக விலை கொடுத்து வாங்கும் இத்தாலிய பேசில், நம் திருநீற்றுப்பச்சிலையின் இனமேதான். அதன் விதைதான் நன்னாரி சர்பத்தில் மிதக்கும் சப்ஜா. இது தெரியவரும்போது ரசீது தொலைந்திருக்கும்.

கறிவேப்பிலை தனியாகப் பேசத் தக்கது. 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்த, லின்னேயஸின் மாணவர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக்கின் பெயர் அதன் தாவரவியல் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இலையோரம் ஒதுக்கும் பழக்கத்தில் அவரையும் ஒதுக்கியாயிற்று. முதல் ஓரிரு ஆண்டுகள் செடி யோசித்தபடியே நிற்கும். புளித்த மோர் ஊற்றச் சொல்லாத பாட்டி தமிழ்நாட்டில் இல்லை. ஒருவழியாகத் துளிர் விட்டதும் எலுமிச்சைப் பட்டாம்பூச்சி வந்து முட்டையிடும், ஏனெனில் கறிவேப்பிலை எலுமிச்சையின் குடும்பம். சின்னப் புழு பார்வைக்குப் பறவை எச்சம் போலவே இருப்பதால் யாரும் தொடுவதில்லை. வளர்ந்ததும் பச்சையாகிவிடும், தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவைபோன்ற ஒரு கொம்பை நீட்டி நாற்றம் விடும். அதற்குள் வீட்டுக் குழந்தை அதற்குப் பெயர் வைத்திருக்கும். பெயர் வைத்த புழுவை நசுக்க முடியாது. புழுவுக்கு வீட்டுக் கறிவேப்பிலை, சாம்பாருக்குக் கடைக் கறிவேப்பிலை என்று ஏற்பாடாகும்.

ரோஸ்மேரி செத்த தொட்டியும் சும்மா இருப்பதில்லை. புறா நாலு விளக்குமாற்றுக் குச்சியைப் போட்டு அதைக் கூடு என்று அறிவித்து, இரண்டு முட்டை இடும். அடைகாக்க ஏறத்தாழ பதினெட்டு நாள், குஞ்சு பறக்க மேலும் ஒரு மாதம். அதுவரை வீட்டார் துணியைப் படுக்கையறை மின்விசிறிக்கடியில் உலர்த்துவார்கள்.

வீட்டுக்குள் வளர்வதில் முதலிடம் மணி பிளான்ட்டுக்கு. பிரெஞ்சு பாலினேசியாவின் மோரியா தீவிலிருந்து உலகெங்கும் பரவிய இந்தக் கொடி ஏறக்குறையப் பூப்பதே இல்லை; பூக்கத் தூண்டும் ஜிப்ரலின் என்ற இயக்குநீரை அதனால் உருவாக்க முடியவில்லை என்று 2016இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். கேட்டு வாங்கினால் பணம் வராது, திருடி நட்டால்தான் வரும் என்பது பரவலான நம்பிக்கை. ஆகவே எந்த வீட்டிலும் இது வாங்கியதாக இருக்காது. காற்றைச் சுத்தப்படுத்தும் என்று சொல்லிச் சில செடிகளை விற்பதற்குக் காரணம், மூடிய பெட்டிக்குள் செடிகளை வைத்து நாசா செய்த சோதனையின் 1989ஆம் ஆண்டு அறிக்கை. ஜன்னல் உள்ள வீட்டில் இயல்பான காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய, ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்து வேண்டும் என்று 2019இல் வெளியான ஒரு மறுபரிசீலனை கணக்கிட்டது. ஆயிரம் சதுர அடி வீட்டுக்குத் தொள்ளாயிரத்துக்கு மேல். குடியிருப்பவர்கள் வெளியே நிற்க வேண்டும்.

கடைசி சிக்கல், ஊருக்குப் போவது. சாவியை எதிர்வீட்டில் கொடுத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை கொஞ்சமாக ஊற்றினால் போதும் என்று சொல்வது மரபு. எதிர்வீட்டம்மா பொறுப்பானவர் என்பதால் தினம் இருவேளை ஊற்றுவார். பத்து நாள் கழித்துத் திரும்பும்போது புதினா அழுகியிருக்கும், துளசி தலை சாய்ந்திருக்கும், புறாவுக்கு அடுத்த இரண்டு முட்டை வந்திருக்கும். மணி பிளான்ட் மட்டும் செழிப்பாக நிற்கும், போனபோது இருந்ததைவிட ஒரு சாண் குறைவாக.